மூவாயிரம் ரூபாயில் அலுவலகத்துக்குச் சைக்கிள்: முதலில் சைக்கிளுக்கு உடுத்துங்கள்

பள்ளிக்கரணையிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு, ஒரு வழிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர், ஹைப்ரிட் சைக்கிளில் (பந்தயச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) நாள்தோறும் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். உட்காரும் இடம் வலிக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டுகிறது, பேன்ட்டின் வலது கால் செயினில் மாட்டிக் கறையாகிறது, ஐப்பசி மழையும் வரப்போகிறது. 3,000 ரூபாய்க்குள் ஜெர்சி, பேட் வைத்த ஷார்ட்ஸ், ஜெல் சீட் கவர், ரெயின்கோட் ஆகிய நான்கையும் வாங்கிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. உங்கள் மனைவியும் சுடிதாரில் ஓட்ட விரும்புவதாகக் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். என் கருத்தைச் சொன்னால், அந்த நான்கில் எதுவும் உங்களுடைய முதல் செலவாக இருக்கக் கூடாது. ஜெல் கவர் எந்தச் செலவாகவும் இருக்க வேண்டாம்.

ஒரு தலைமுறைக்கு முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், சலவை செய்த வெள்ளைப் பேன்ட் அணிந்தும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் இதே தூரத்தைச் சைக்கிளில்தான் கடந்தார்கள், அதற்கென்று தனி உடை எதையும் அவர்கள் வாங்கவில்லை. வாங்கத் தேவை இல்லாமல் போனதற்குக் காரணம், அவர்கள் ஓட்டிய கறுப்பு நிற ரோட்ஸ்டர் சைக்கிள் தானே முழுதாக உடுத்தியிருந்தது: செயினை மூடிய தகர கவர், இரண்டு சக்கரங்களுக்கும் நீளமான மட்கார்டு, ஸ்பிரிங் வைத்த அகலமான சீட், பின்னால் பாரம் தாங்கும் கேரியர், டைனமோ விளக்கு. இன்று விற்கப்படும் ஹைப்ரிட், எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) வகைகள் எடையும் விலையும் குறைவதற்காகவும் பார்வைக்கு விறுவிறுப்பாக இருப்பதற்காகவும் இவற்றையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் கடைக்கு வருகின்றன. கழற்றிய ஒவ்வொன்றின் வேலையும் ஓட்டுபவரின் உடம்பின் மேல் வந்து விழுகிறது, அதை ஈடுகட்டத்தான் உடை என்ற பெயரில் நாம் செலவழிக்கிறோம்.

ஆகவே உங்கள் பணத்தை நான் பிரித்தால், ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் வாக்கில், கேரியருக்கு 500, முன்பின் விளக்குகளுக்கு 500, மட்கார்டுகளுக்கு 350, நல்ல உள்ளாடை இரண்டுக்கு 400, மீதம் இருக்கும் 250 ரூபாயில் ஒளி திருப்பும் பட்டைகளும் கண்ணில் அணியும் கண்ணாடியும் என்று பிரிப்பேன். விலை கடைக்குக் கடை ஏறி இறங்கும், ஆனால் வரிசை மாறாது. வெளியுடைக்கு இதில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு வேண்டியது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும்.

வலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைத் தீர்ப்பதற்குப் பெரும்பாலும் ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் அதன் மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் முழுதாக நீண்டு, இடுப்பு எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் சீட்டின் உயரம் ஏறத்தாழ சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் தேவையான அளவு மடிந்துகொள்ளும். சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுபவர்கள் கால் தரையில் படுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த நிலையில் கால்கள் தாங்க வேண்டிய எடையும் சீட்டின் மேலேயே இறங்குவதால் வலி கூடுகிறது, முழங்காலும் கெடுகிறது. அடுத்ததாகச் சீட் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மூக்கு மேல்நோக்கி இருந்தால் தொடையிடுக்கின் மென்மையான பகுதி நசுங்கி மரத்துப்போகும். அதற்குப் பயந்து மூக்கை மிகவும் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுவதும் உள்ளங்கைக்குப் போய், விரல்கள் மரக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் சீட்டின் அகலத்தைச் சந்தேகிக்கலாம். அதை வீட்டிலேயே அளக்க முடியும். பார்சல் வரும் நெளி அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மாடிப்படியில் போட்டு, மெல்லிய துணி அணிந்து அதன் மேல் உட்கார்ந்து, முழங்கால்களைச் சற்று உயர்த்தி அரை நிமிடம் அழுத்துங்கள். எழுந்து, வெளிச்சத்துக்குக் குறுக்காக அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் இடுப்பெலும்பின் கீழ்முனைகள் பதிந்த இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள், நெளிவுகள் நசுங்கிய இடம் தட்டுப்படும். அந்தக் குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தோடு இரண்டு சென்டிமீட்டரைக் கூட்டினால் கிடைப்பது உங்களுக்குப் பொருந்தும் சீட்டின் அகலம், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவராக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல். உங்கள் சீட் அதைவிடக் குறுகலாக இருந்தால் அதை மாற்றுவதே வழி, அதன் மேல் எதைப் போர்த்தினாலும் பயனில்லை. ஜெல் கவரை நான் மறுப்பதற்கும் இதுதான் காரணம்: எலும்பு முனைகள் ஜெல்லுக்குள் அமிழ்ந்ததும் நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, அழுத்தமே படக் கூடாத இடத்தை அழுத்தத் தொடங்கும். கடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது மெத்தென்று இருப்பதும், பாதி வழியில் கூசத் தொடங்குவதும் அதனால்தான். போதாக்குறைக்கு, வெயிலில் நிற்கும் சைக்கிளில் அது சுடும், மழையில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சீட்டுக்கு அடுத்த குற்றவாளி உள்ளாடையின் தையல். நான்கு துணித் துண்டுகள் கூடும் முடிச்சு நேராகச் சீட்டின் மூக்கின் மேல் உட்காரும்படிதான் சாதாரண ஜட்டிகளும் ஜீன்ஸும் தைக்கப்படுகின்றன. ஜீன்ஸில் அந்த முடிச்சு ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்குத் தடித்திருக்கும். தொடையைப் பாதி வரை மூடுவதும், கவட்டுப் பகுதியில் தனித் துண்டு வைத்துத் தைத்திருப்பதுமான ட்ரங்க் வகை உள்ளாடையை, எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த துணியில் வாங்குங்கள். வாங்கும்போது அதை உள்பக்கம் திருப்பி, தையல்கள் தட்டையாக இருக்கின்றனவா என்று கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். இந்த 400 ரூபாய் தரும் நிம்மதியை 2,000 ரூபாய் ஜெர்சி தராது. தொடை உரசிப் புண்ணாகிறது என்றால் கிளம்புவதற்கு முன் பெட்ரோலியம் ஜெல்லியைப் பட்டாணி அளவு தடவுங்கள். பவுடர் வியர்வையோடு சேர்ந்து திரண்டு உரசலைக் கூட்டுகிறது, தேங்காய் எண்ணெய் பேன்ட்டில் இறங்கிக் கறைபடுகிறது.

பேட் வைத்த ஷார்ட்ஸ் நல்ல பொருள்தான், ஆனால் முன்னால் குனிந்து, குறுகலான சீட்டில், மணிக்கணக்காக ஓட்டுபவர்களுக்காக உருவானது அது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் பயணம் 36 நிமிடம். அந்த நேரத்துக்கு அது தேவையில்லை என்பதோடு, அலுவலகத்தில் இன்னொரு முறை முழுதாக உடை மாற்ற வேண்டிய வேலையையும் கூட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வர ஆசை வந்தால் அப்போது வாங்குங்கள், வாங்கினால் உள்ளாடை இல்லாமல் நேரடியாக அணியுங்கள் (உள்ளே ஜட்டி போட்டுக்கொண்டு அதன் மேல் அணிபவர்கள் ஏராளம், வாங்கிய பயனையே அவர்கள் இழக்கிறார்கள்), ஒவ்வொரு முறையும் துவைத்து, பேட் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு உலர்த்துங்கள்.

வியர்வைக்கு வருவோம். உங்கள் முதுகு நனைவதற்குச் சட்டையைவிடப் பெரிய காரணம் முதுகில் தொங்கும் பை. ஓடும் சைக்கிளில் காற்று படும் இடமெல்லாம் வியர்வை ஆவியாகிக்கொண்டே இருக்கும், பை அழுத்தும் இடத்தில் மட்டும் அதற்கு வழியில்லை. ஆகவே பையைக் கேரியருக்கு மாற்றுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உடை மாற்றம். கேரியர் வாங்கும் முன் உங்கள் சைக்கிளின் பின்சக்கர அச்சுக்கு அருகிலும் சீட்டுக்குக் கீழும் கேரியர் பொருத்துவதற்கான திருகுத் துளைகள் இருக்கின்றனவா, டிஸ்க் பிரேக் என்றால் அதன் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) குறுக்கே வருகிறதா என்று பாருங்கள். சீட் கம்பியில் மட்டும் கவ்விப் பிடிக்கும் வகை, மடிக்கணினியும் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்த எடையில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வாங்கலாம், ஆனால் பஞ்சர் கடையில் வீணாகப் போட்டிருக்கும் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி வாங்கிக்கொண்டால் அதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். எதைக் கொண்டு கட்டினாலும் நுனியைத் தொங்க விடாதீர்கள். அது ஸ்போக்ஸுக்குள் போனால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

துணியைப் பற்றிய வாதத்தில் இரு தரப்பும் பாதி உண்மையைச் சொல்கின்றன. பருத்தி, காற்றிலுள்ள ஈரத்திலேயே தன் எடையில் 8 விழுக்காட்டை உள்வாங்கி வைத்திருக்கும் இழை, பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட ஏற்பதில்லை. அதனால் நனைந்த பருத்தி கனத்து உடம்போடு ஒட்டுகிறது, பாலியெஸ்டர் வியர்வையைத் தன் பரப்பில் பரப்பிவிட்டு விரைவாகக் காய்கிறது. ஆனால் சென்னையின் காலை நேரத்துக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், விளம்பரம் சொல்லும் அந்த விரைவு இங்கே குறைந்துவிடுகிறது. உடம்பைப் பிடிக்கும் பாலியெஸ்டர் ஜெர்சியைவிட, தளர்வான மெல்லிய பருத்திச் சட்டைக்குள் புகுந்து வெளியேறும் காற்று இதமாக இருப்பதை நீங்களே உணர்வீர்கள். கழுத்துப்பட்டை நைந்துபோன பழைய முழுக்கைச் சட்டை ஒன்று இருந்தால் அதுவே சைக்கிள் சட்டை. வெயிலுக்குக் கையை மூடும், மேல் பொத்தான்களைத் திறந்தால் காற்று வரும், கறை பட்டாலும் கவலையில்லை.

அப்படியும் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்தான் வேண்டும் என்றால் பெரிய கடைகளுக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் காதர்பேட்டையிலும், சென்னையிலேயே என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும், ஏற்றுமதியில் மிஞ்சியவை என்று விற்கும் டி-ஷர்ட்களைக் கிளறிப் பாருங்கள். லேபிள் வெட்டப்பட்டிருந்தாலும் துணியைக் கையாலேயே சோதிக்கலாம். விரலை நனைத்து ஒரு சொட்டு நீரை உள்பக்கத்தில் வையுங்கள். அது உடனே பரந்து மறைந்தால் வியர்வையை இழுக்கும் துணி, முத்தாக நின்றால் மழைக்கோட்டின் தம்பி. பிறகு துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள்; மறுபக்கம் வைத்த கையில் காற்று படவில்லை என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். வாங்கிய பின், அன்றன்றே அலசிவிடுங்கள், ஏனெனில் பாலியெஸ்டரில் ஏறிய வியர்வை நாற்றம் எளிதில் போகாது. துணியை மென்மையாக்கும் திரவத்தில் முக்காதீர்கள், அது இழைகளின் மேல் படிந்து ஈரத்தை இழுக்கும் தன்மையைக் கெடுத்துவிடும்.

அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்ச் சட்டையை மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். சைக்கிளை நிறுத்தியதும் உடம்பின் சூடு உடனே அடங்குவதில்லை, அதைத் தணித்துக்கொண்டிருந்த காற்று மட்டும் நின்றுவிடுகிறது. அதனால் வண்டியை விட்டு இறங்கிய முதல் பத்து நிமிடத்தில்தான் வியர்வை அதிகமாகக் கொட்டும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதித்து, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து, ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்த பிறகு மாற்றுங்கள். டர்க்கி டவலைவிட ஈரிழைத் துண்டு இதற்கு மேல், ஏனெனில் நாற்காலியின் முதுகில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். திங்கட்கிழமை ஒரு முறை வாரத்துக்கான சட்டைகளைக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொள்ள முடிந்தால் நாள்தோறும் சுமக்கும் எடையும் குறையும்.

செயினில் மாட்டும் பேன்ட்டுக்கு, உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் செயின் கவர் கிடைத்தால் நல்லது, கியர் வைத்தவற்றுக்கு முழுக் கவர் பொருந்துவது அரிது. வலது காலை மட்டும் கெண்டைக்கால் வரை சுருட்டிக்கொள்ளுங்கள். அல்லது ஒட்டுப் பட்டை வைத்த ஒளி திருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள், அதற்கு இன்னொரு பயனும் உண்டு, பின்னால் சொல்கிறேன். வலது ஷூ நாடாவின் முடிச்சை வெளிப்பக்கம் தள்ளிச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் செயினில் மாட்டும். காலணிக்கு நீங்கள் ஏற்கெனவே அணியும் கேன்வாஸ் ஷூ போதும். அடிப்பாகம் மிகவும் மெத்தென்று இருக்கும் ஓட்டப்பயிற்சி ஷூக்களில் மிதிக்கும் விசை ஷூவை நசுக்குவதிலேயே போகும்.

உங்கள் மனைவிக்குச் சுடிதார் ஒரு தடையே அல்ல, ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது துப்பட்டா: அதைத் தொங்கவிட்டு ஓட்டவே கூடாது, மார்புக்குக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்து ஊக்குக் குத்தினாலும் காற்றில் அவிழும், ஆகவே அதைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் போட்டுக்கொள்வதே சரி. இரண்டாவது, நீளமான டாப்ஸின் பின்பாகம். சிக்னலில் இறங்கி மறுபடி ஏறும்போது அது சீட்டின் மூக்கில் மாட்டி இழுக்கும். பக்கவாட்டுத் திறப்பு இடுப்பு வரை இருக்கும் டாப்ஸும், கீழே காட்டன் லைக்ரா லெக்கிங்ஸும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும், திறப்பு போதவில்லை என்றால் தையற்காரர் நாலு அங்குலம் பிரித்துக் கொடுப்பார். பட்டியாலா போன்ற அகலமான கால்கள் வேண்டாம். பின்சக்கரத்தின் மேல்பாதியை மூடும் வலை லேடீஸ் சைக்கிள்களுக்குத் தனியாகவும் கிடைக்கிறது, சேலை கட்டி ஓட்ட நினைத்தால் அது இன்றியமையாதது. இன்னொன்று, பெண்களுக்கு இடுப்பெலும்பின் கீழ்முனைகள் பொதுவாகச் சற்று அகலமாக அமைந்திருக்கும். உங்கள் சீட் அவருக்கு வலித்தால் அவருக்குப் பழக்கமில்லை என்று முடிவு கட்டாமல் அட்டைச் சோதனையை அவரும் செய்து பார்க்கட்டும்.

மழைக்கு மட்கார்டுதான் முதல் ரெயின்கோட். வடகிழக்குப் பருவமழையில் உங்களை அழுக்காக்குவது வானத்திலிருந்து விழும் நீரைவிடச் சாலையிலிருந்து சக்கரம் வாரி இறைக்கும் சேற்று நீர்தான், மழை நின்று இரண்டு மணி நேரம் ஆன பிறகும் அது முதுகில் ஒரு கோடு போடும். முன்மட்கார்டின் கீழ்நுனி போதிய அளவு இறங்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் கேனில் ஒரு துண்டை வெட்டி, துளையிட்டு, அதன் நுனியில் தொங்கவிடுங்கள். ஷூ காய்ந்தே இருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு சென்னையில் 9 கிலோமீட்டர் மிதித்தால் வெளியே மழையிலும் உள்ளே வியர்வையிலும் நனைவீர்கள். அதனால் நான் சொல்வது, மழையில் பழைய சட்டையோடும் அரைக்கால் சட்டையோடும் நனைந்துகொண்டே போங்கள், மாற்றுடையையும் கைப்பேசியையும் தடித்த பாலித்தீன் பையில் கட்டி வைத்திருங்கள், காலில் பின்பட்டை வைத்த செருப்பு இருக்கட்டும். சக்கர வளையத்தை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் நனைந்த ரிம்மில் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்திப் பழகுங்கள். வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்கித் தரை தெரியாத நாளில் எந்த உடையும் உதவாது. அன்று பஸ்ஸில் போங்கள்.

ஹெல்மெட்டை இந்தியச் சட்டம் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கனமானது, காற்றோட்டம் குறைந்தது, மிதிப்பவரின் தலைக்கு உகந்ததல்ல, உள்பக்கத்தில் இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும் சைக்கிள் ஹெல்மெட் ஆயிரம் ரூபாய் வாக்கிலேயே கிடைக்கிறது, அதைவிட விலை கூடியவற்றில் எடையும் காற்றோட்டமும் மேம்படும், காக்கும் தரம் அதே சோதனையைத் தாண்டியதுதான். அதன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே மட்டமாக நிற்க வேண்டும், பட்டைகள் காதுக்குக் கீழே கூட வேண்டும். உள்ளிருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, ஒருமுறை நசுங்கியது திரும்ப எழாது. அதனால் பயன்படுத்திய ஹெல்மெட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாலை ஆறரைக்கு மேல் திரும்புகிறவருக்கு பின்பக்கச் சிவப்பு விளக்கு உடையைவிட முக்கியம். ஒளிரும் பச்சை, ஆரஞ்சு நிற உடைகள் பகலில் மட்டுமே பளிச்சிடும், ஏனெனில் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள்தான் அவற்றை ஒளிரச் செய்கின்றன. சோடியம் விளக்கின் கீழே அவை சாதாரணத் துணியாகிவிடும். இரவில் உதவுவது, வண்டியின் முகப்பு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் வெள்ளிநிறப் பட்டை. அதை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுவதை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு: மேலும் கீழுமாகச் சுழலும் இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்தவுடன் பின்னால் வரும் ஓட்டுநரின் மூளை அதை ஒரு மனிதர் என்று அடையாளம் காண்கிறது, அசையாத பட்டை சாலையோரப் பலகையாகவும் இருக்கலாம் அல்லவா. சைக்கிளோடு வந்த பெடல் ரிஃப்ளெக்டர்களை அழகுக்காகக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

இந்தப் பட்டைகளைச் சைக்கிள் கடைகளைவிடப் பாரிமுனைப் பக்கத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் மலிவாக வாங்கலாம். அங்கேயே பட்டறைக்காரர்கள் அணியும் நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடியையும் கேளுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். அந்தி நேரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையில் பூச்சிகள் கண்ணுக்குள் நேராகப் பாயும், தண்ணீர் லாரியின் பின்னால் புழுதியும் பறக்கும். கறுப்புக் கண்ணாடியை அந்த நேரத்தில் போட முடியாது. நீங்கள் பவர் கண்ணாடி அணிபவர் என்றால் அதன் மேலேயே மாட்டக்கூடிய அகலமான வகையும் அதே கடையில் இருக்கும்.